எழுந்தேற்றத்தில் நிற்பவர்கள்

1987 மே 13, புதன்கிழமை காலை, காளையார்கோவிலுக்குத் தெற்கே பனிச்சவயல் புனித சந்தியாகப்பர் கோயிலில், எழுந்தேற்ற மணி அடித்தபோது மணமகன் முழந்தாளிட்டிருந்தான், மணப்பெண் நின்றுகொண்டிருந்தாள். மணப்பெண் என் அக்கா தெக்லா, அவளுடைய கூரைப்புடவையின் அரக்குக் கரை மடிப்புக் கலையாமல் நேராகத் தொங்குகிறது, பக்கத்தில் மதுரைக்கார மாப்பிள்ளை கஸ்பாரின் முதுகு வளைந்திருக்கிறது, பீடத்தில் ஸ்தனிஸ்லாஸ் சாமி தூக்கிய அப்பத்தை இறக்காமல், அப்பத்தைப் பார்க்காமல், அவளைப் பார்க்கிறார், சாமியார் அப்பத்தையும் கிண்ணத்தையும் தலைக்குமேல் உயர்த்திக் காட்டும் அந்தச் சில நொடிகளைத்தான் நாங்கள் எழுந்தேற்றம் என்போம், பூசையிலேயே உச்சமான நேரம், தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்வோம், அன்று அந்த நேரத்தில் அவ்வளவு பெரிய கோயிலில் ஒருவர்கூட அப்பத்தைப் பார்க்கவில்லை, எல்லாருடைய கண்ணும் என் அக்காவின் முழங்கால் இருந்திருக்க வேண்டிய தரையில் இருந்தது. இந்தக் காட்சி எனக்குப் பலமுறை கனவாகவும் வந்துவிட்டது, கனவில் மணியின் நாக்கு ஆடுகிறது, சத்தம் வருவதில்லை, கோயில் தரையில் கருங்கல் இல்லை, பழைய சரளைக்கல் கிடக்கிறது, அக்காவின் வெறுங்காலில் கல் குத்துகிறது, எது கனவில் கண்டது எது கோயிலில் கண்டது என்று இப்போது பிரிக்கச் சொன்னால், சரளையை மட்டும் தள்ளிவைத்துவிட்டு மற்றதெல்லாம் நடந்தது என்று சொல்வேன்.

சரளையும் ஒரு காலத்தில் இருந்ததுதான், பனிச்சவயல் கோயில் சிலுவை வடிவில் கட்டியது, நடுமண்டபமும் வலச்சிறகும் மேலத்தெருவுக்கு, இடச்சிறகு கீழத்தெருவுக்கு, நாங்கள் கீழத்தெரு, சாதிப் பெயரைச் சொல்லாமல் பக்கத்தைச் சொல்லிப் பேசுவதை எங்கள் ஊரில் நாகரிகம் என்று நினைத்தார்கள், நடுமண்டபத்துக்கும் வலச்சிறகுக்கும் கருங்கல் பாவிய வெள்ளைக்காரச் சாமியார் இடச்சிறகுக்கு வரும்போது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சரளையைக் கொட்டிவிட்டுப் போனார், அந்தப் பிறகு இரண்டு தலைமுறைக்கு வரவில்லை, சரளையில் முழங்காலை வைத்தால் தோல் கிழியும், அதனால் எங்கள் ஆட்கள் நின்றார்கள், துண்டை இடுப்பில் சுற்றி, கையைக் கட்டி, தலையைக் கவிழ்த்து, ஊர்த்தலைவரான அம்பலத்தின் களத்தில் கூலி நெல்லுக்கு எப்படி நிற்பார்களோ அப்படி, அதை யாரும் பக்திக் குறைவு என்று சொல்லவில்லை, அவர்கள் நிற்க வேண்டியவர்கள் என்பதில் மேலத்தெருவுக்கும் சாமியார்களுக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. என் அப்பா ராயப்பன் நெடுஞ்சாலைத் துறையில் ரோடுரோலர் ஓட்டியவர், அவர் இளவட்டமாக இருந்தபோது துணைச்சாமியாராக ஒருவர் வந்திருக்கிறார், ஒரு வருடம்கூட இருக்கவில்லை, அவர் ஒரு ஞாயிறு பிரசங்கத்தில், ஆதிக் கிறிஸ்தவர்கள் நின்றுகொண்டு, கையை விரித்துத்தான் செபித்தார்கள், அடிமைதான் மண்டியிடுவான், மகன் தகப்பன் முன்னால் நிமிர்ந்து நிற்பான் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார், மேலத்தெரு அதைக் கேட்டு மறந்துவிட்டது, அடுத்த ஞாயிறு எழுந்தேற்ற மணி அடித்தபோது இடச்சிறகில் ஒரு துண்டு இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறியது, கட்டியிருந்த கை அவிழ்ந்து தோள் உயரத்துக்கு விரிந்தது, உள்ளங்கை மேலே பார்த்தது, சில வாரங்களில் இடச்சிறகு முழுக்க விரித்த கைகள், அந்த முதல் ஆள் தான்தான் என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை, மற்றவர்கள் சொன்னபோது மறுத்ததுமில்லை, துணைச்சாமியாரை வேறு பங்குக்கு மாற்றினார்கள், கைகள் அப்படியே இருந்தன.

பிற்காலத்தில் பத்திரிகை வேலைக்கு வந்து நூலகங்களில் உட்கார நேரம் கிடைத்தபோது இதைத் தேடிப் பார்த்தேன், 325இல் நிசேயாவில் கூடிய திருச்சங்கம் ஞாயிற்றுக்கிழமைகளிலும், ஈஸ்டர் தொடங்கிப் பெந்தெகொஸ்தே வரையிலான நாட்களிலும் நின்றுதான் செபிக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது, மே 13 அந்த நாட்களுக்குள் வருகிறது, இதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை, முழந்தாளிடுவதும் பல நூற்றாண்டு வழக்கம், பக்கத்துப் பங்குகளில் எல்லாத் தெருக்காரர்களும் முழந்தாளிட்டார்கள், கடற்கரைப் பக்கம் போனால் சிலுவை போட்டு முடித்து விரலை முத்தமிடுகிறார்கள், எங்கள் பக்கம் அது கிடையாது, ஊருக்கு ஊர் உடம்பு வேறு மாதிரி செபிக்கிறது, அதில் சண்டை இல்லை, எங்கள் ஊரில் ஒரே கூரைக்குள் ஒரே மணிச் சத்தத்துக்கு ஒரு பாதி மடங்கியது, மறு பாதி நிமிர்ந்தது, முழந்தாளிட்டவன் தலை நிற்பவனின் இடுப்புக்குத்தான் வரும், கையைக் கட்டிக்கொண்டு தலை கவிழ்ந்து நின்ற காலத்தில் அந்த உயரம் யார் கண்ணிலும் படவில்லை, கை விரிந்த பிறகு பட்டது, மேலத்தெரு அம்பலம் ஞானப்பிரகாசம் பங்குப் பேரவையில் எழுந்து, சாமி, எழுந்தேற்றத்துக்குக் கண்ணத் தொறந்தா அவன் இடுப்புத்தேன் தெரியுது, நான் யாரக் கும்பிடுறது என்று கேட்டதை அந்தப் பேரவையில் இருந்த எங்கள் தெரு ஆசிரியர் ஒருவர் வெளியே வந்து நடித்துக் காட்டினார், அதற்கப்புறம் மேலத்தெருப் பிள்ளைகள் எங்களைக் கரண்டுக் கம்பம் என்றார்கள், நாங்கள் அவர்களைத் தவக்களை என்றோம், பள்ளிக்கூட வராந்தாவில் அவர்கள் வரும்போது எங்களில் ஒருவன் குத்தவைத்து ஒரு தாவு தாவினால் போதும், கல் பறக்கும், என் இடது புருவத்தில் இருக்கும் வெட்டு அப்படி வந்தது.

ஸ்தனிஸ்லாஸ் சாமி வந்த மறுவருடம் வெளிநாட்டு உதவியில் இடச்சிறகுக்கு மோசைக் போட்டார், மெஷின் வைத்து முகம் தெரியத் தேய்த்தார்கள், எங்கள் தெருப் பெண்கள் முதல் நாள் அந்தத் தரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் அவர், இனி சரளை இல்லை, கல் குத்தும் என்ற சாக்கும் இல்லை, ஒரே சபை ஒரே மாதிரி முழந்தாளிட வேண்டும் என்றார், அவர் கெட்டவர் இல்லை, ஒழுங்கு அவருக்குப் பிடிக்கும், பீடத்திலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் அறுத்த வயல் மாதிரியும் ஒரு பக்கம் அறுக்காத வயல் மாதிரியும் இருக்கிறது என்று சொன்னார், பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் அப்பா அவரிடம் போனார், தோளில் துண்டு கிடந்தது, தரை இல்லாதப்ப நில்லுன்னீங்க, நின்னோம், தரையப் போட்டுட்டு மண்டி போடுங்கிறீங்க, எங்க காலு உங்க வீட்டுக் காலா சாமி என்று கேட்டார், சாமி உள்ளே போனார், அன்றிலிருந்து இடச்சிறகுக்கு நன்மை, அதாவது மந்திரித்த அப்பம், கொடுப்பது கடைசி ஆனது, நடுமண்டபம், வலச்சிறகு, பாடகர் குழு எல்லாரும் வாங்கிய பிறகு, சில ஞாயிறுகளில் அப்பம் தீர்ந்துவிட்டது என்று கைவிரித்தார், நாங்கள் கை விரிப்பதற்கு அவர் விரிக்கிறார் என்று சிரித்தோம். திருவிழாவில் அடிதடி ஆகி, தாலுகா அலுவலகத்தில் அமைதிக் கூட்டம் போட்டார்கள், கதர்ச் சட்டையும் நெற்றியில் திருநீறுமாக இருந்த தாசில்தார் இரண்டு பக்கமும் சொன்னதைக் கேட்டுவிட்டு, நிக்கிறதுல என்னய்யா இருக்கு, எங்க கோயில்ல நாங்க எல்லாரும் நின்னுதானே கும்பிடுறோம் என்றார், அன்று முழுக்க அந்த அறையில் மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒன்றாக முகம் சுளித்தது அந்த ஒரு தடவைதான்.

அக்காவுக்கு இது எதுவும் வேண்டாம், அவள் மதுரையில் கன்னியர் விடுதியில் தங்கி ஆசிரியப் பயிற்சி படித்தவள், விடுதிச் சிற்றாலயத்தின் சிமெண்டுத் தரையில் இரண்டு முழங்காலும் கறுத்துக் காய்த்திருந்தன, விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் கோயிலில் எங்களோடு நிற்பாள், வீட்டுக்கு வந்ததும் மாதா படத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு அதை ஈடுகட்டுவாள், முழங்கால் போட்டாத்தேன்டா எனக்குச் செபம் வருது, நின்னா பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி இருக்கு என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள், அப்பா காதில் விழாமல் சொல்வாள், கஸ்பாரைப் பேசி முடித்தபோது அவள் கேட்டது நகையோ புடவையோ இல்லை, சொந்தக் கோயிலில், பெரிய பீடத்துக்கு முன்னால், முழங்கால் போட்டு ஒரு பாடல் பூசை, அது ஒன்றுதான், மாப்பிள்ளை வீட்டாரும் அதையே கேட்டார்கள், மாப்பிள்ளையின் அம்மா பிரகாசியம்மாள் மதுரைப் பங்கில் மரியாயின் சேனை என்ற பக்தச் சபையில் இருப்பவர், எங்கள் ஊரின் இரண்டு உடம்பு பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. கல்யாணத்தைக் கோயிலில் அறிவிக்கும் முதல் ஓலை வாசிப்பதற்கு முந்தின நாள் ஸ்தனிஸ்லாஸ் சாமி அப்பாவையும் அக்காவையும் கூப்பிட்டு அனுப்பினார், துணைக்கு நானும் போனேன், கல்லூரி விடுமுறை, சாமி நாற்காலியைக் காட்டவில்லை, பூசையோடு கல்யாணம் என்றால் பெண் நடுமண்டபத்தில் இருப்பாள், அங்கே இருப்பவர்கள் எழுந்தேற்றத்துக்கு முழந்தாளிட வேண்டும், சம்மதமா என்று கேட்டார், அப்பா வாயைத் திறப்பதற்குள் அக்கா, போடுறேன் சாமி என்றாள், தயங்காமல் சொன்னாள், அதற்காகவே காத்திருந்த மாதிரி சொன்னாள், சாமி அப்பாவைப் பார்த்துப் புன்னகை செய்தார், அந்தப் புன்னகை இல்லாமல் இருந்திருந்தால் அப்பா வீட்டுக்கு வந்து அவ்வளவு பேசியிருக்க மாட்டார் என்று இன்றும் நினைக்கிறேன்.

வழியெல்லாம் பேசவில்லை, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் அப்பா பேசினார், அன்னைக்கு நீ போடுற முழங்கால் உன்னோடது இல்ல தாயி, கீழத்தெரு மொத்தத்துக்கும் சேத்து நீ போடுறது, அவனுக வந்து எண்ணிட்டுப் போவானுக என்றார், அக்கா முக்காட்டை இழுத்துக் கொடியில் போட்டுவிட்டு, என் முழங்கால் எனக்குச் சொந்தமில்லையாப்பா, நீங்க அன்னைக்கு யாரக் கேட்டுக் கைய விரிச்சீங்க என்றாள், அப்பாவை அப்படி யாரும் கேட்டதில்லை, அவர் கையை ஓங்கினார், அம்மா நடுவில் வந்து, இந்தாங்க, இது அவ கல்யாணம், உங்க சண்ட இல்ல என்றாள், ஓங்கிய கை இறங்கியது, அன்றிலிருந்து கல்யாண நாள் வரை அப்பாவும் அக்காவும் ஒருவர் இருக்கும் அறையில் மற்றவர் இருக்கவில்லை, தெருவில் அக்காவின் பழைய சேக்காளிகள் இரண்டு பேர் சடை பின்ன வரமாட்டோம் என்று சொல்லி அனுப்பினார்கள், பந்தல்காரன் வந்து கால் நட்டுக்கொண்டிருந்தபோது ஒரு கிழவர் அவனிடம், என்னாத்துக்குய்யா கம்பு, மடங்கப்போற வீட்டுக்கு என்று அப்பா காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போனார், அப்பா காதில் விழுந்தது, கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் அம்மாவிடம் மட்டும், தாலி கட்டையில உள்ள இருப்பேன், பூசை ஆரம்பிச்சதும் வெளிய போயிருவேன், கண்ணால பாக்காட்டி எனக்குப் போதும் என்றார், அதை அம்மா அக்காவிடம் சொன்னாள், அக்கா தலையாட்டினாள், அந்த வீட்டில் அதிகபட்சமாகக் கிடைத்த சமாதானம் அது.

புதன்கிழமைப் பூசைக்குப் பாட்டிகள் சிலர் வருவார்கள், அன்று மேலத்தெரு முழுக்க வந்திருந்தது, அழைப்பு வைக்காத வீட்டுக் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவையில் வந்திருந்தார்கள், பிரகாசியம்மாள் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு திரும்பித் திரும்பிக் கும்பிட்டார், வாக்குறுதி முடிந்தது, கஸ்பார் தாலி கட்டினான், அம்மா அழுதாள், அப்பா சொன்னபடி இடச்சிறகின் பக்கக் கதவு வழியாக வெளியே போனார், கொடிமரத்தில் நாங்கள் பாட்டுக்காகக் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியின் கீழே போய் நின்றுகொண்டார், காணிக்கைப் பாட்டு முடிந்தது, நான் இடச்சிறகின் முன்வரிசையில் நின்றேன், முதல் மணி அடிக்கிறது, நடுமண்டபம் மடங்குகிறது, வலச்சிறகு மடங்குகிறது, எங்கள் கைகள் விரிகின்றன, அக்கா முழந்தாளிடுகிறாள், புடவை சரசரக்கிறது, கூப்பிய விரல் நுனியில் மூக்கு படும்படி தலையைத் தாழ்த்திக் கண்ணை மூடுகிறாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன், விடுதியிலிருந்து ஊருக்கு வரும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தவள் மாதிரி இருந்தது, என் பக்கத்தில் ஒருவர் பல்லைக் கடித்தார், பின்னால் ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அவ்வளவுதான், அதோடு போயிருக்கும், அந்த முழங்கால் ஒரு மாதம் பேசப்பட்டு மறந்திருக்கும், அப்போது நடுமண்டபத்தின் முதல் வரிசையில் அம்பலத்தின் மனைவி, தாழ்ந்த குரலில்தான், பக்கத்தில் இருந்தவளிடம்தான், மடங்கிருச்சு பாரு என்றாள். ஒரு பெண்ணை இல்லை, ஆட்டையோ மாட்டையோ பற்றிச் சொல்வது போலச் சொன்னாள், பக்கத்தில் இருந்தவள் மூக்கால் சிரித்தாள், எழுந்தேற்றத்துக்கு முந்தின அமைதி எவ்வளவு பெரிய அமைதி என்று பூசைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், அந்தச் சிரிப்பு கூரைவரை போனது.

அக்கா கண்ணைத் திறந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை, வலது கையைக் கருங்கல்லில் ஊன்றி எழுந்தாள், மாலை ஒரு பக்கம் சரிந்தது, சரிசெய்தாள், நின்றாள், கையை எங்களைப் போல விரிக்கவில்லை, பக்கவாட்டில் தொங்கவிட்டாள், எழுந்தேற்ற மணி அடித்தது, சாமி அப்பத்தை உயர்த்தினார், உயர்த்திய இடத்திலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார், பீடத்தில் வைத்திருந்த மைக்கில் அவர் மூச்சு கேட்டது, கஸ்பார் தலையை நிமிர்த்தி மனைவியைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான், பின்னால் இருந்து பிரகாசியம்மாள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார், முழங்கால் போடு புள்ள, போடு என்று பல்லுக்குள் சொன்னார், அக்கா அசையவில்லை, அப்போது ஸ்தனிஸ்லாஸ் சாமி, அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே, அப்பத்தை ஆண்டவரின் உடலாக்கும் வசனத்தைச் சொன்ன அதே வாயால், முழந்தாளிடம்மா என்றார், மைக் அதை வாங்கிக் கொடிமரத்துக்கு அனுப்பியது, முழந்தாளிடம்மா என்று இன்னொரு முறை சொன்னார், ஊர் முழுக்கக் கேட்டது, ஊருணியில் துவைத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்டதாகச் சொன்னார்கள், ஒலிபெருக்கியின் கீழே நின்ற அப்பாவுக்கும் கேட்டது, உள்ளே நடந்ததை அவர் கண்ணால் பார்க்கவில்லை, இரண்டாவது முறை கேட்டபோது அவர் கொடிமரத்தைப் பிடித்துக்கொண்டதாகவும், சிரித்ததாகவும், அழுததாகவும், பார்த்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், சாமி அப்பத்தை இறக்கினார், கிண்ணத்தை உயர்த்தினார், வேகமாக உயர்த்தி வேகமாக இறக்கினார், நன்மை நேரத்தில் அக்காவுக்கு முன்னால் வந்து நிற்காமல் கஸ்பாருக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்காரவில்லை, வேனை ஸ்டார்ட் செய்துவைத்துக்கொண்டு பெண்ணை அனுப்பச் சொன்னார்கள், பிரகாசியம்மாள் பந்தல் காலுக்குப் பக்கத்தில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி, பூசை நேரத்துலயே நிமுந்து நிக்கிறவ வீட்டுல வந்து குனிவாளா என்றார், அம்மா அவர் கையைப் பிடிக்கப் போனாள், அவர் கையை உதறினார், கீழத்தெரு ஆட்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டு, ராயப்பன் மகன்னு காட்டிட்டத்தா என்று மகனாக்கி மெச்சினார்கள், சடை பின்ன வராத இரண்டு பேரும் வந்து கட்டிப்பிடித்தார்கள், அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார், தோள் துண்டைக் கையில் வைத்திருந்தார், ரெண்டு தடவ சொன்னானே தாயி, ரெண்டு தடவையும் நீ என்று தொடங்கினார், அக்கா அவரை முடிக்கவிடவில்லை, உங்களுக்காக நிக்கலப்பா, தெருவுக்காகவும் நிக்கல, அந்தப் பொம்பள பேசுனதும் எனக்குச் செபம் போயிருச்சு, செபம் போனப்புறம் முழங்கால் எதுக்கு என்றாள், கூட்டம் அதைக் கேட்டும் கேட்காதது போல மெச்சிக்கொண்டே இருந்தது, இன்றைக்கும் கீழத்தெருவில் தெக்லா நின்ற கதையைச் சொல்பவர்கள் அவள் கையை விரித்து நின்றதாகத்தான் சொல்கிறார்கள், முதலில் முழந்தாளிட்டதைச் சொல்வதில்லை, மேலத்தெருவில் சொல்பவர்கள் அவள் முழந்தாளிட்டதை மட்டும் சொல்கிறார்கள், நான் இரண்டையும் பார்த்தேன். வேன் புறப்பட்டபோது அவள் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை, சில வருடங்கள் கழித்து மதுரையில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன், மாமியார் மாலைச் செபத்துக்கு எல்லாரையும் முழந்தாளிட வைத்தார், கஸ்பாரும் பிள்ளைகளும் நானும்கூட முழந்தாளிட்டோம், அக்கா அடுப்படியில் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள், அங்கே வேலை ஒன்றும் இருக்கவில்லை.

கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிறு பூசை முடிவில் ஸ்தனிஸ்லாஸ் சாமி ஓலைகளை வாசித்துவிட்டு ஓர் அறிவிப்புச் செய்தார், இனி இடச்சிறகுக் குடும்பங்களின் திருமணங்கள் பூசை இல்லாமல், சடங்கு மட்டுமாக, மாலை வேளையில் நடக்கும் என்றார், காரணம் சொல்லவில்லை, வலச்சிறகைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, அப்பா மறைமாவட்டத்துக்குப் போய் முறையிட்டார், பங்குத்தந்தையின் தீர்மானத்தில் தலையிடுவதற்கில்லை என்றார்கள். ஜூலையில் எங்கள் தெரு மரியதாசின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. வாசகம், வாக்குறுதி, தாலி, ஆசீர், எழுந்தேற்றம் கிடையாது, அரை மணி நேரத்தில் முடிந்தது.